போனவரும் இருந்தவரும்

சென்ற ஐப்பசியில் உயர்தர வகுப்பிலே பாலைத்திணை கற்பித்துக்கொண்டிருந்தேன். பொருள்வயிற் பிரிவை விளக்கியபொழுது, பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "சேர், ஊரை விட்டுப் போறவன் கெட்டிக்காரனோ, இருக்கிறவன் கெட்டிக்காரனோ?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கனடாவுக்குப் புறப்பட்ட என் தம்பியை, "ஊரைக் கைவிட்டு ஓடுகிறாய்" என்று ஏசியவன் நான்.

விடை தேடிய எனக்கு உதவியவர் என்னைப்போல் ஒரு பள்ளி ஆசிரியர். இங்கிலாந்தின் டார்ட்டிங்டனிற் கற்பித்த டேவிட் லாக், 1930களில் றொபின் என்னும் செம்மார்புக் குருவியை ஆராய்ந்தார். ஏறக்குறைய 18 கிராம் நிறையே உள்ள பாடும் பறவை அது. கால்களில் நிற வளையங்கள் மாட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளங்கண்டார். அவரது நூல் 1943இல் வெளிவந்தது.

பிரித்தானிய றொபின்களுட் பெரும்பாலானவை பனிக்காலத்திலும் ஊரிலேயே தங்குகின்றன. சில தெற்கே பறக்கின்றன. பறப்பவற்றுட் பெண்களே அதிகம். சாபிஞ்சு என்ற இன்னொரு குருவிக்கு, 'மணமாகாதவன்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை லின்னேயசு 1758இற் சூட்டியதும் இதனாலேயே. சுவீடனிற் பனிக்காலத்தில் தங்கியவை பெரும்பாலும் ஆண்களே.

பரம்பரைக் கூறும் இதில் உண்டு. அறிஞர் காட்டும் மற்றொரு காரணம் இடம். குளிரில் இரை அருகும். இரையுள்ள துண்டு நிலத்தைப் பிடித்துக் காக்க வல்லது தங்குகிறது. வசந்தத்தில் நல்ல இடமும் அதற்கே. வலியவற்றோடு போட்டியிட இயலாதது பறக்கிறது. தங்கியதை உறைபனி கொல்லலாம். பறந்ததைக் கடல் கொள்ளலாம்.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கமில்லை. நான் ஊரில் தங்கியது வீரத்தாலா? மூத்தவன் என்று வீடும் ஆறு பரப்புக் காணியும் என் பெயரில் எழுதப்பட்டன. பட்டம் பெற்றதும் அரசாங்க உத்தியோகமும் கிடைத்தது. தம்பியோ பிறர் தோட்டத்திற் கூலிக்குக் கொத்தினான். அம்மாவின் மருந்துச் செலவை இன்றும் அனுப்புபவன் அவனே.

மறுநாள் மாணவனிடம், "கெட்டிக்காரன் யாரென்று கேளாதே, இருப்பதற்கு யாருக்கு இடமிருந்தது என்று கேள்" என்றேன். குருவியின் பனிக்காலத்தை இயற்கை வகுத்தது. காணியின்மையையும் வேலையின்மையையும் வகுத்தவர் மனிதர். மாற்ற வேண்டியவரும் மனிதரே.

அன்றிரவு தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. "காணியிற் பாதியை உன் பெயரில் எழுதப்போகிறேன்" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், "அங்கை மழையோ, அண்ணை?" என்று கேட்டான்.