இரண்டாவது பூனை

இலக்கியத்தில் பூனை பெரும்பாலும் தனியாகவே வருகிறது. பன்மையில் வந்தாலும் பூனைகளுக்கிடையே எதுவும் நடப்பதில்லை. போதலேரின் 'பூனைகள்' கவிதையை 1962இல் யாகப்ஸனும் லெவி-ஸ்ட்ராஸும் வரி வரியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒலி, எதுகை, இலக்கணப் பால் எல்லாம் அதில் உண்டு. ஒரு பூனை இன்னொன்றைக் கண்டு முதுகை வளைத்துச் சீறுவது கிடையாது. படிமங்கள் ஒரே தட்டில் சாப்பிட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் பிரச்னை தட்டில்தான் ஆரம்பித்தது. அப்பா போன பிறகு, ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா எங்களோடு இருக்க வந்தாள். கூடவே, துணி கட்டிய கூடையில், சாம்பல் நிறக் கிழட்டுப் பெட்டைப் பூனை ஒன்று. இங்கே என் மனைவி வளர்க்கும் செவலைக் கடுவன் ஏற்கனவே இருந்தது. இரண்டு அறை, ஒரு கூடம், வாடகை வீடு. கடுவன் காதை மடக்கித் தொண்டைக்குள் உறுமியது. கிழடு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்ததுதான், ஒன்றரை நாள் எதையும் தொடவில்லை. அம்மாவும் சரியாகச் சாப்பிடவில்லை. "இது ஒத்துவராதுடா. நாங்க ரெண்டு பேரும் ஊருக்கே போயிடறோம்" என்றாள். 'ரெண்டு பேரும்' என்ற பிரயோகம் என்னைத் தொந்தரவு செய்தது.

பூனை பட்டினி கிடந்தால் ஈரல் கெடும், முதலில் இரண்டுக்கும் நடுவே கதவைச் சாத்துங்கள் என்றார் கால்நடை டாக்டர். பூனையின் உலகம் மூக்கால் ஆனது. கன்னத்திலும் நெற்றியிலும் உள்ள சுரப்பிகளின் வாசனையைக் கதவிலும் தூணிலும் நம் காலிலும் தேய்த்துத்தான் அது தன் இடத்தை நிச்சயப்படுத்திக்கொள்கிறது. ஆகவே முகங்களுக்கு முன்னால் வாசனைகள் அறிமுகமாக வேண்டும். ஒன்றின் கன்னத்தைத் துடைத்த துணியை மற்றதன் பக்கம் போடுவது. பிறகு சாத்திய கதவின் இருபுறமும் சாப்பாடு. தட்டுகளை நாளுக்கு நாள் கதவருகே நகர்த்துவது. பிறகு கதவில் நான்கு விரல் இடைவெளி. உறுமல் கேட்டால் ஒரு படி பின்னால். மணல் தட்டு பூனைகளைவிட ஒன்று அதிகமாக, தனித்தனி மூலைகளில்.

துணிக்கு அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து அப்பாவின் துண்டை எடுத்தாள். யாரையும் துவைக்கவிடாமல் வைத்திருந்த துண்டு. ஊரில் கிழடு அதன்மேல்தான் படுக்குமாம். வேறு துணி தருகிறேன் என்றாள் என் மனைவி. "இதுலதாம்மா அதுக்கு வாசனை பிடிபடும்" என்று சொல்லி, அம்மாவே அதைக் கொண்டுபோய்க் கடுவன் பக்கம் போட்டாள். முதல் நாள் அது மோந்துவிட்டு விலகியது. நாலாம் நாள் அதன்மேல் சுருண்டு தூங்கியது. இனி அந்தத் துண்டில் அப்பாவின் வாசனை மிஞ்சாது என்பது அம்மாவுக்குத் தெரியாமலிருக்காது. ஒன்றும் சொல்லவில்லை.

ஜெர்மன் விலங்கியலாளர் பால் லேஹவுஸன் வெளியே திரியும் பூனைகளைக் கவனித்து ஒன்று சொல்லியிருக்கிறார்: அவை ஒரே தடத்தை வெவ்வேறு நேரங்களில் உபயோகிக்கின்றன. இடத்தைவிட நேரத்தைப் பங்கிட்டுக்கொள்வது சுலபம் போலும். ஏழு வாரங்களுக்குப் பிறகு எங்கள் ஜன்னல் திட்டு காலையில் கிழட்டுக்கு, மத்தியானத்துக்கு மேல் கடுவனுக்கு. சேர்ந்து விளையாடுவதோ நக்கிக்கொடுப்பதோ இல்லை. சமையலறையிலும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஆறு மணிக் காப்பி அம்மாவுடையது. ஏழுக்கு மேல் என் மனைவியின் ராஜ்யம். இந்த அட்டவணையை யாரும் உட்கார்ந்து போடவில்லை.

ஒரே கூரைக்கடியில் இருப்பவர்கள் உள்ளத்தால் ஒன்றாகிவிட வேண்டும் என்பது ரொமாண்டிக் எதிர்பார்ப்பு. மூன்று பேர் சேர்ந்து பத்திரிகை ஆரம்பித்து நாலாவது இதழில் பிரிந்துபோகிற நமக்கு அதன் விலை தெரியும். எனக்கு வாய்த்திருப்பது தனித்தனித் தட்டு, நேர ஒழுங்கு, அடுத்தவர் வாசனையைச் சகித்துக்கொள்கிற பழக்கம். அன்பைவிடக் குறைந்த ஒன்றாக இதை எண்ண முடியவில்லை.

ஊருக்குப் போவது பற்றிக் கேட்டால், பொங்கல் கழியட்டும், பார்க்கலாம் என்கிறாள் அம்மா.