எந்த பைனாகுலர் நல்லது?

நம் விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலியை 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-இல் அது ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே பூநாரைகள்கூட வரும். ஆனால் கரையில் நின்று பார்த்தால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதற்குத்தான் பைனாகுலர்.

அதன் மேல் 8×42, 10×50 என்று எழுதியிருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். எண் பெரிசா இருந்தா நல்லதுன்னு நினைப்போம். அப்படி இல்லை! மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடித் தெரியும், பார்க்கும் பரப்பும் சுருங்கும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. அத்தனை மி.மீ. அகலத்தில் வெளிச்சம் கண்ணுக்கு வரும். விடியற்காலை மங்கலிலும் பறவை தெளிவாகத் தெரியும். அதனால் பறவை பார்க்க 8×42 போதும்.

நான் கண்ணாடி போடுபவள். "உனக்கு அதுல ஒண்ணும் தெரியாதுடி"ன்னு தோழிகள் சொல்லுவாங்க. ஏன் தெரியாது? கண் வைக்கும் இடத்து ரப்பரை மடக்கிக்கொள்ளலாம். லென்சிலிருந்து 15 மி.மீ. தள்ளிக் கண்ணை வைத்தாலும் முழுக் காட்சியும் தெரிகிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

நம் பள்ளிக்கு ஒன்று வாங்கும்போது தயவுசெய்து இதையும் பாருங்கள் சார். அப்போதுதான் வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் பறவை தெரியும்.

தம்பி தங்கைகளே, அதில் சூரியனை மட்டும் பார்க்காதீங்க, கண் போயிடும்!



ஒன்பதாம் வகுப்பு மாணவி, கெடார்