காட்சியும் கருதலும்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நகை வாங்க வருவோர் தராசின் மீது வைத்த கண்ணை எளிதில் எடுப்பதில்லை. நிறை இன்னதென்று உறுதியான பின்னரே விலைபற்றிய பேச்சு எழும். ஐயம் தோன்றினால் மீண்டும் ஒருமுறை நிறுக்கச் சொல்லலாம். பொன்னிடம் இத்துணை விழிப்போடு இருக்கும் மாந்தரே, பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் கைப்பேசிக்குப் புதிய மின்கலம் மாற்றும்போது, அதன் உறைமேல் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பிவிடுகின்றனர். அங்கே தராசு கேட்பார் இலர். கேட்டாலும் எந்தத் தராசில் வைப்பது? நிரம்பிய மின்கலத்திற்கும் வெறுமையான மின்கலத்திற்கும் எடையில் வேறுபாடு தெரிவதில்லை.

லித்தியம் அயனி மின்கலம் 1991ஆம் ஆண்டில் சோனி நிறுவனத்தின் வாயிலாகச் சந்தைக்கு வந்தது. அதற்கு அடிகோலிய குட்டினஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசினைப் பெற்றனர். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு மறுமுனையிலுள்ள கரியின் அடுக்குகளுக்குள் புகுகின்றன, பயன்படுத்தும்போது திரும்புகின்றன. இந்தப் போக்குவரவில் மிகச் சில அயனிகள் வழியிலேயே சிக்கி மீளாது போகின்றன. மின்கலம் மூப்படைவதற்குப் பெருங்காரணம் இதுவே. அம்மூப்பு எவ்வளவு என்று அறிவதுதான் பொறியாளரின் இடர்ப்பாடு.

அறிவு பெறும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாகப் பகுத்தனர் நம் அளவை நூலார். மணிமேகலையின் அறவண அடிகளோ காட்சியும் கருதலுமே அளவைகள் என்னும் பௌத்தக் கொள்கையை எடுத்துரைக்கின்றார். இப்பாகுபாடு மின்கலத்திற்கும் பொருந்துவது வியப்பன்று. உறைமேல் அச்சிட்ட எண் உரை. கருவி காட்டும் மின்னழுத்தமும் மின்னோட்டமும் வெப்பமும் காட்சி. உள்ளே எஞ்சியிருக்கும் மின்னூட்டம் எவ்வளவு என்பதோ கருதல். புகை கண்டு நெருப்பை உணர்வது போன்றது. கைப்பேசித் திரையில் 20 விழுக்காடு என்று தோன்றுவது காட்சி போலத் தெரியினும், உண்மையில் அது ஒரு கணக்கின் முடிவே.

கருதல் பிழைபடும் இடங்கள் பல. 2015ஆம் ஆண்டில் சுபாங் ஜெயா, பண்டார் சன்வே வட்டாரத்தில் 5.4 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்பேருந்துத் தடம் திறக்கப்பட்டது. அப்பேருந்துகளில் இருந்தவை லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு வகை மின்கலங்கள். இவ்வகைக் கலம் பெரும்பகுதி நேரமும் ஏறத்தாழ 3.3 வோல்ட் அளவிலேயே நிற்கும். பாதி நிறைந்த கலமும் முக்கால் நிறைந்த கலமும் மின்னழுத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே உள்ளே சென்றதையும் வெளியே வந்ததையும் நொடிதோறும் கூட்டிக் கழித்தே இருப்பை அறிய வேண்டும். அளவியில் சிறு பிழை இருப்பினும், அது நாள்தோறும் சேரும். கணக்கு தவறினால் நடுவழியில் நிற்பது எண்ணன்று, பயணிகள்.

நிலைமையைச் சொல்லாத எண்ணும் பிழையான எண்ணே. ஒரு கலத்தை ஐந்து மணி நேரத்தில் மெல்ல வடித்தால் கிடைக்கும் அளவு, அரை மணியில் வடித்தால் கிடைப்பதில்லை. ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் 25 பாகை வெப்பத்தில் சோதிக்கின்றன. கோலாலம்பூரின் நண்பகலோ 32, 33 பாகையைத் தொடும். இதில் ஒரு முரணும் உண்டு. வெப்பத்தில் கலத்தின் உள்தடை குறைவதால் அன்றைய அளவு சற்றுக் கூடுதலாகவே தெரியும். ஆனால் அதே வெப்பம் கலத்தின் ஆயுளைக் குறைக்கின்றது. இன்றைய எண்ணை மட்டும் பார்ப்பவன் நலம் என்று மகிழ்வான். நாளையதை எண்ணுபவன் கவலை கொள்வான்.

அளக்கும் கம்பியும் ஏமாற்றும். நல்ல கலத்தின் உள்தடை ஓர் ஓமின் ஆயிரத்தில் சில பங்கே. இணைப்புக் கம்பியின் தடையும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். இரண்டையும் பிரித்தறியாதவர், கலத்தை அளப்பதாக எண்ணிக் கம்பியையும் சேர்த்து அளந்துவிடுவர். மின்னோட்டத்திற்கு இரு கம்பிகள், மின்னழுத்தத்தைப் பார்க்க வேறு இரு கம்பிகள் என நான்கு கம்பிகளை இணைப்பது இதற்காகவே.

கனடாவின் டல்ஹௌசிப் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழுவினர் இந்நுண்மையை மேலும் ஒரு படி உயர்த்தினர். ஒவ்வொரு சுற்றிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு இழப்பென்று கொள்க: ஆயிரம் சுற்றுக்குப் பின் எஞ்சுவது ஏறத்தாழ 37 விழுக்காடு. பத்தாயிரத்தில் ஒரு பங்கு இழப்பாயின் எஞ்சுவது 90 விழுக்காடு. ஒரு நாளில் காணும்போது இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்; அளவி அத்துணைக் கூர்மையாய் இருந்தாலன்றி வேறுபாடு புலப்படாது. சில வாரச் சோதனையில் பல்லாண்டு வாழ்வை முன்னறிய விழைவோருக்கு இக்கூர்மையே மூலதனம்.

மலேசியாவில் இக்கூர்மைக்கு அடித்தளம், சிப்பாங் மாவட்டம் சாலாக் திங்கியிலுள்ள தேசிய அளவியல் நிலையம். 2007ஆம் ஆண்டின் தேசிய அளவீட்டு முறைச் சட்டம் அளவீட்டிற்குச் சட்ட வலிமை தந்தது. ஓர் ஆய்வுக்கூடத்தின் அளவி இன்னொரு செம்மையான அளவியோடு ஒப்பிடப்படுகின்றது; அதுவோ அதனினும் செம்மையானதோடு. இந்தச் சங்கிலி அறுந்தால், கருவி காட்டும் எண்ணும் வெறும் உரையாகிவிடும்.

இஃது ஆய்வுக்கூடத்தார் கவலை மட்டுமன்று. கிள்ளானில் உணவுப் பொட்டலங்களைச் சுமந்து மோட்டார் சைக்கிளில் விரையும் இளைஞனுக்குக் கைப்பேசியே கடை. திரையில் 20 விழுக்காடு இருக்கும்போதே அது அணைந்துபோனால் அன்றைய வருமானம் குறையும். மூத்த கலத்தின் உள்தடை மிகுந்து, சுமை ஏறிய நொடியில் மின்னழுத்தம் சரிவதே இதன் காரணம். பழைய மின்வண்டி வாங்க எண்ணும் குடும்பத்திற்கோ, அதன் கலம் எவ்வளவு தேய்ந்தது என்பதே விலை.

தமிழ்ப் பள்ளி மாணவர்களுள் சிலர் நாளை இக்கலங்களை அளக்கும் பணிக்குச் செல்லக்கூடும். எஞ்சியோர் அனைவரும் அவற்றை வாங்குவர். இரு சாராரும் கற்க வேண்டிய வினா ஒன்றே. ஓர் எண்ணை எவர் நீட்டினாலும், எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், எந்த வெப்பத்தில், எந்த வேகத்தில், எக்கருவியால் அளந்தது என்று கேட்டல் வேண்டும். அதற்கு விடை தருவோரின் எண்ணையே நம்பலாம்.