சொல்ல மாட்டேன் என்று சொல்லிப் பழகுவது

தாம்பரம் சானடோரியத்தை 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளையும் அங்கே சேர்த்தார்கள். 2004 ஏப்ரலில் அரசு எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரைகளை இலவசமாகத் தரத் தொடங்கியபோது முதல் மையங்களில் அதுவும் ஒன்று. சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரும்கூட. மெப்ஸ் ஏற்றுமதி மண்டலக் கம்பெனிகளுக்குப் போகிறவர்களும் அங்கேதான் இறங்குகிறார்கள். மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கு அந்தக் கூட்டம் நல்ல மறைப்பு.

அந்த மறைப்பைக் கலைக்காமல், எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளிடம் ஆய்வுக்காகப் பேட்டி எடுப்பதுதான் என் வேலை. ஒரு குழந்தையின் வீடு பெருங்களத்தூர்ப் பக்கம் என்றால், வரிசையாக நாலு போர்ஷன், ஒரே குழாயடி. "யாரைப் பாக்கணும்?" என்று ஹவுஸ் ஓனர் கேட்டால் என்ன சொல்வது என்பதை அம்மாவிடம் போனிலேயே பேசிவிடுவேன். பெரும்பாலும் வீட்டுக்கே போவதில்லை.

குழந்தைகளை ஆய்வில் சேர்ப்பதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் தனி நெறிமுறைகள் வெளியிட்டது. பெற்றோர் ஒப்புதலோடு, ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை குழந்தையின் வாய்மொழிச் சம்மதமும் வேண்டும்; அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்தில். பதின்மூன்று வயதுப் பையன் கையில் படிவத்தைக் கொடுக்கிறோம். அவன் தினமும் போடுவது "சத்து மாத்திரை" என்றுதான் அவனுக்கு வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். படிவத்தில் நோயின் பெயர் இருந்தால், ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டதை ஒரு காகிதம் போட்டு உடைத்துவிடும். அதனால் வீட்டில் புழங்கும் சொல்லைத் தாயிடம் முதலில் தனியாகக் கேட்டுக்கொள்வேன். பையனுக்கான படிவத்தில் "நீ தினமும் போடும் மாத்திரை" என்றுதான் இருக்கும். இது ஏமாற்று என்பவர்கள் உண்டு. நோயைச் சொல்வது பெற்றோரும் கவுன்சலரும் செய்ய வேண்டியது. கேள்வித்தாளோடு வந்தவளுக்கு அந்த உரிமை இல்லை என்பது என் கட்சி. அவனே கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், "அம்மாவையும் வச்சுக்கிட்டு கவுன்சலர்கிட்டக் கேப்போமா?" என்பேன்.

"சொல்லுடா, அக்கா கேக்கறாங்கல்ல" என்று அம்மா அதட்டியதும் பையன் தலையாட்டுவான். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. அம்மாவைக் கண்ணில் படும் தூரத்தில், காதில் விழாத இடத்தில் உட்காரவைத்துவிட்டு ஒரு விளையாட்டு. நான் என்ன கேட்டாலும் அவன் "சொல்ல மாட்டேன்" என்றே சொல்ல வேண்டும். டிபன் பாக்ஸில் என்ன? சொல்ல மாட்டேன். கிளாஸில் யாரைப் பிடிக்காது? சொல்ல மாட்டேன்! சத்தமாகச் சிரித்துக்கொண்டே மறுக்கும்போதுதான் படிவத்தை எடுப்பேன். ரெக்கார்டர் பொத்தான் அவன் கையில்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று முழு வாக்கு கொடுக்கவும் முடியாது. பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தால் போக்ஸோ சட்டப்படி நான் புகார் செய்தே ஆக வேண்டும். பொத்தானை அழுத்துமுன் இதைச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்களே என்று சக ஊழியர்கள் அலுத்துக்கொள்வார்கள். மூடிக்கொள்ளட்டும், தெரிந்து மூடிக்கொள்வது அவர்கள் உரிமை.

எழுதும்போது வேறு தொல்லை. பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். "குரோம்பேட்டை, ஒன்பதாம் வகுப்பு, இரட்டையரில் ஒருவன், அப்பா இல்லை" என்று எழுதினால் அந்தத் தெருவுக்குப் பெயர் எதற்கு? 2018இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமும் ஒருவரது நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. ஊரைப் புறநகர் என்றாக்குவேன், இரட்டையரை எடுத்துவிடுவேன். இரட்டையர் என்பதாலேயே சுவையாக அமைந்த பத்தியும் அதோடு போகும்.