களத்திற்கு ஒரு வணக்கம்

இலக்கணமும் இலக்கியமுமே என் உலகம்; விளையாட்டில் எனக்கு ஈடுபாடு மிகுதி இல்லை. எனினும், 2021-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் தொலைக்காட்சிச் செய்தியில் நான் கண்ட ஒரு விளையாட்டுக் காட்சி, என் பிழை ஒன்றை எனக்கு உணர்த்திற்று.

கோல்ப் என்பது பரந்த புல்வெளியில் சிறு பந்தைக் கோலால் அடித்து, பதினெட்டுக் குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாக விழச்செய்யும் ஆட்டம். குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர் ஆவர். இவ்வாட்டத்தில் பெரும்புகழ் எய்தியவர் ஜப்பானியரான ஹிடெகி மட்சுயாமா. அவர் 1992-இல் சிக்கோக்குத் தீவில் பிறந்தார். நான்கு வயதிலேயே தந்தையார் அவருக்கு இவ்வாட்டத்தை அறிமுகப்படுத்தினார்.

2011 மார்ச்சுத் திங்களில் ஜப்பானின் வடகிழக்குப் பகுதியை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. மட்சுயாமா பயின்ற பல்கலைக்கழகம் உள்ள செண்டாய் நகரமும் பெருந்துயருற்றது. அவரோ அப்போது பயிற்சிக்காக ஆஸ்திரேலியாவில் இருந்தார். அமெரிக்காவின் அகஸ்டா நகரில் நடைபெறும் 'மாஸ்டர்ஸ்' போட்டிக்கு அவருக்கு அழைப்பு வந்திருந்தது. ஊரார் துயரில் உழலும்போது தாம் ஆடச்செல்வது தகுமோ என்று அவர் கலங்கினார். மக்களே மடல்கள் எழுதி அவரை ஊக்கினர். அவர் சென்றார், தொழில்முறை சாராத ஆட்டக்காரருள் முதல்வராக விளங்கினார்.

அதன்பின் அவர் புகழ் வளர்ந்தது. சென்ற இடமெல்லாம் ஜப்பானியச் செய்தியாளர் கூட்டம் அவரைச் சூழ்ந்தது. அவரோ மிகுதியாகப் பேசும் இயல்பினர் அல்லர்.

பத்தாண்டுகளுக்குப் பின்னர், 2021-இல், அதே அகஸ்டாவில் இறுதிநாள் ஆட்டத்தை நான்கு அடி முன்னிலையுடன் அவர் தொடங்கினார். பதினைந்தாம் குழியில் பந்து நீரில் வீழ்ந்தது. ஆயினும் மனந்தளராது ஆடி, ஓர் அடி வேறுபாட்டில் வென்றார். உலகின் முதன்மையான நான்கு போட்டிகளுள் ஒன்றை அதுவரை ஜப்பானிய ஆடவர் எவரும் வென்றதில்லை. அவ்வெற்றியை வருணித்த ஜப்பானிய ஒலிபரப்பாளர் நாத்தழுதழுக்கக் கண்ணீர் உகுத்தார்.

என்னைக் கவர்ந்தது அதற்குப் பின் நிகழ்ந்ததே. மட்சுயாமாவின் உதவியாளர் ஷோட்டா ஹயபுஜி, கொடிக்கம்பத்தைப் பதினெட்டாம் குழியில் மீண்டும் நட்டார், தொப்பியைக் கழற்றினார், ஆளரவமற்ற அப்புல்வெளியை நோக்கித் தலைதாழ்த்தி வணங்கினார்.

என் உள்ளம் நாணிற்று. ஓய்வு பெற்ற நாளில், எனக்குரிய பாராட்டைப் பிறர் கூறவில்லை என்னும் சிறு மனக்குறையால், முப்பது ஆண்டுகள் பாடஞ்சொன்ன வகுப்பறையைத் திரும்பியும் பாராது வெளியேறியவன் நான். எனக்குச் சோறளித்தது அவ்வறை. புலவர் ஐயா என்னும் பெயரளித்ததும் அதுவே. பிறர் பேசாமைக்கு அவ்வறை என்ன பிழை செய்தது?

பின்னர் ஒருநாள், பள்ளி விடுமுறையில் அங்குச் சென்றேன். காவலர் கதவைத் திறந்தார். வெறுமையான இருக்கைகளின் முன் நின்று கைகூப்பினேன். நெடுநாள் உறுத்திய மனக்குறை அன்று அகன்றது.

2024-இல் பாரிசில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் மட்சுயாமா வெண்கலப் பதக்கமும் பெற்றார் என அறிந்து மகிழ்ந்தேன். மாணவச் செல்வங்களே! புகழ் பிறர் தரும் பொருள். அது வரலாம், வாராதொழியலாம். நன்றியோ நம்மிடத்தே உள்ளது. நும்மை வளர்த்த களத்தை வணங்காது வெளியேறாதீர்கள்.