மாணவி புகட்டிய பாடம்

இருபது ஆண்டுகள் பிறருக்குப் பாடஞ் சொல்லிவந்த நாம், எம் மாணவி ஒருத்தியிடம் பாடங் கேட்க நேர்ந்த கதை இது.

மருதமுனையில், தறியோசை கேட்கும் தெரு ஒன்றில் அவளது வீடு. மணமாகி ஈராண்டு நிறையுமுன்னரே மார்பிலே புற்றுநோய் கண்டது. மகரகமவில் சத்திரசிகிச்சை முதலியன முடிந்து, தமொக்சிபென் மாத்திரையோடு வீடு திரும்பினாள். ஹோர்மோனால் வளரும் நோய்க்கு அம்மாத்திரை ஒரு காவல். பல ஆண்டுகள் உட்கொள்ள வேண்டியது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் ஒருநாள், "டீச்சர், எனக்கொரு பிள்ளை வேணும்" என்றாள். "உயிர் தப்பியது போதாதா மகள்?" என்று கடிந்துகொண்டோம். "தப்பின உசிர் வாழத்தானே டீச்சர்?" என்றாள் அவள். அன்றிரவு எமக்கு உறக்கமில்லை.

அன்பென்று எண்ணி நாம் மொழிந்தது வெறும் அச்சமே என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். கருவுற்றால் ஹோர்மோன் பெருகி நோய் திரும்புமென்பது நெடுநாளைய பயம். இதனை ஆராய, பல நாடுகளில் 516 பெண்கள், ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் மருந்து உட்கொண்டபின், வைத்தியர் கண்காணிப்பில் அதனை இடைநிறுத்தினர். முடிவு 2023இல் வெளியாயிற்று. மூன்றாண்டளவில் நோய் மீண்டும் கண்டவர் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பேர். ஒப்புநோக்கப்பட்ட முந்திய நோயாளரிடையேயும் அதே அளவுதான். அவர்களுள் 300க்கும் மேற்பட்டோர் தாயாயினர்.

எனினும் இஃது எல்லோருக்கும் பொதுவிதியன்று. நெடுங்கால விளைவு இன்னும் கவனிக்கப்பட்டு வருகிறது. மாத்திரை கருவுக்குத் தீங்கானது. நிறுத்தியபின் சில மாதங்கள் பொறுத்தல் அவசியம். புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து சூலகத்தையும் வாட்டக்கூடும். ஆதலின் பிள்ளைப்பேற்றைக் குறித்துச் சிகிச்சை தொடங்குமுன்பே கேட்டறிதல் நன்று.

அவள் எம்மிடம் மீண்டும் யோசனை கேட்கவில்லை, வைத்தியரிடம் கேட்டாள். அவர் இசைந்தபின் மாத்திரையை நிறுத்தினாள், காத்திருந்தாள், மகனைப் பெற்றாள். சில மாதங்கள் ஒரு மார்பிலேயே பாலூட்டி, பின்னர் மாத்திரையை மறுபடி தொடங்கினாள்.

பிள்ளையைப் பார்க்கச் சென்ற எம்மை அவளுடைய உம்மா முகமலர வரவேற்றார். மன்னிப்புக் கேட்கவென்றே சென்றோம். வாய் திறக்குமுன் குழந்தையை எம் மடியில் கிடத்திவிட்டாள். எமக்குக் கண்கள் நிறைந்தன.

அன்பர்களே, நோயை வென்ற பெண்ணொருத்தி தாயாக விரும்பினால், "வேண்டாம்" என்று வாய் திறவாதீர்கள். "வைத்தியரைக் கேட்டாயா அம்மா?" என்று கேளுங்கள். அன்று நாம் கேட்கத் தவறிய கேள்வி அதுவே.