திரைக்குப் பின்னிருந்த முகம்

பெங்களூரு அல்சூர் ஏரியின் அருகே திருவள்ளுவர் சிலை ஒன்று உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் படைமுகாம் அமைத்த காலத்திலேயே தமிழர் பலர் குடியேறிய பகுதி அது. 1991-இல் நிறுவப்பட்ட அச்சிலை, எதிர்ப்பின் காரணமாக 18 ஆண்டுகள் மூடப்பட்டே இருந்தது.

இந்நகரில் பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் சிலரும் தம் மொழியை அவ்வாறே மூடி வைக்கின்றனர். சிறு வகுப்புகளில் இவ்வழக்கம் இல்லை. ஐந்து வயதில் எம்மொழியும் விளையாட்டே. பதின்மூன்று வயதில்தான் பிறர் சிரிப்பு காதில் உறைக்கத் தொடங்குகிறது. பெற்றோர் கூட்டத்தில் தாய் உரக்கத் தமிழில் அழைத்தால் மகன் தலைகுனிகிறான். பள்ளிப் பேருந்தில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் இரண்டு ஆங்கிலச் சொற்களில் பேச்சை முடித்துவிடுகிறான். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும் என நான்கு மொழிகளைக் கையாளும் பிள்ளை அவன்! ஆயினும் கன்னடத்தில் ஒருமுறை தடுமாறியபோது எழுந்த நகைப்பே அவன் நெஞ்சில் நிற்கிறது.

தடுமாற்றம் இயல்பானது. தமிழில் 'க' என்னும் ஓரெழுத்து நிற்குமிடத்தில், கன்னடத்தில் ஒலிப்பால் வேறுபடும் நான்கு எழுத்துகள் உண்டு. 'ஹாலு' என்பதற்குப் பதிலாகப் 'பாலு' என்று வாய்தவறினாலும் போதும், வகுப்பே நகைக்கும். நகைப்பவரும் நாணுபவனும் அறியாத செய்தி ஒன்று உண்டு. பழங்கன்னடத்திலும் அச்சொல் 'பால்' என்றே வழங்கியது. பின்னரே பகரம் ஹகரமாகத் திரிந்தது. புலி 'ஹுலி' ஆயிற்று. பத்து 'ஹத்து' ஆயிற்று. பூவும் 'ஹூவு' ஆயிற்று. பிழையாகப் பேசியதாக எண்ணி நாணிய பிள்ளை, நகைத்தவர்களின் முன்னோர் வழங்கிய சொல்லையே கூறியிருக்கிறான். மொழிப்பாடங்கள் இதனைச் சொல்லாமல் விடுவது வருந்தத்தக்கது.

அச்சத்திற்கும் காரணம் இருந்தது. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரி நீர்ச் சிக்கல் இந்நகரில் கலவரமாக வெடித்தது. அந்நாள்களில், "வெளியில் தமிழ் பேசாதே" என்று பிள்ளைகளை எச்சரித்த பெற்றோரைக் குறைகூற இயலாது. ஆனால் தெருவிற்காகச் சொன்ன அச்சொல்லைப் பிள்ளைகள் வகுப்பறைக்கும் சுமந்து சென்றனர். அமைதி திரும்பிய பின்னும் சிலர் அதனை இறக்கி வைக்கவில்லை.

வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள்கள் கழித்து, மூன்றடிப் பாக்களால் அறம் உரைத்த கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. 1991-இல் முதல் வகுப்பில் சேர்ந்த அல்சூர்ப் பிள்ளைகள் அதற்குள் பள்ளிப் படிப்பை முடித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. புத்தகப் பையுடன் அவ்வழியே சென்ற காலமெல்லாம் அவர்கள் கண்டது திரையை மட்டுமே.